‘சரிண்ணா’ என்றொரு வாக்குமூலம்

மனுக்களைக் கணினி வழியாகவே தாக்கல் செய்ய வேண்டும் என்று வந்துவிட்ட பிறகு, எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது இருக்கும் ஜூனியர் வக்கீல் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள்: “எஸ்தரக்கா, ஃபைலிங் எல்லாம் இங்க உக்காந்தே முடிஞ்சிடுது. நீங்க அப்போ நாள் பூரா கோர்ட்டுக்கு ஓடிக்கினே இருப்பீங்களாமே. அப்படி இன்னாதான் பண்ணுவீங்க?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ அழுகையைப் பார்த்த தொழில் இது. ஆனாலும் நினைக்கும்போது சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அன்று அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவள். ஊர் ஓரிக்கைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். தேவாலயத்தில் ஜெபக் குறிப்புகளை என் கையெழுத்தில் பார்த்த ஒருவர், “கோர்ட்டுல எழுத ஆள் தேடுறாங்க” என்று சொல்ல, காஞ்சிபுரத்தில் கிரிமினல் வக்கீலாக இருந்த சம்பந்தம் சாரிடம் போய்ச் சேர்ந்தேன். வக்காலத்து எழுதுவது, நகல் மனு போடுவது, பெஞ்ச் கிளார்க்கின் முகத்தைப் பார்த்தே வழக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடப்படும் என்று கணிப்பது, இதையெல்லாம் இரண்டு வருடத்தில் கற்றுக்கொண்டேன். முதல் ஆறு மாதம் சீல் வைக்கத் தெரியாமல் விரல்தான் நீலமாக இருந்தது.

சம்பந்தம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான ஆள். கோர்ட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவர் பேசுவதைக் கேட்பதற்காக மாஜிஸ்திரேட்டே மேசைமேல் சாய்வார். போலீஸ்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்யும்போது “ஐயா, கொஞ்சம் தயவு செஞ்சு” என்று ஆரம்பிப்பார். தயவு கூடக்கூட எதிரே நிற்பவருக்கு வேர்க்கும். எந்த வழக்கு வந்தாலும் காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேட்பார். “எப்போ புடிச்சாங்க? வீட்டுல யாருக்குச் சொன்னாங்க? எந்த பாஷையில சொன்னாங்க?” குற்றம் செய்தானா இல்லையா என்பதை அவர் நாலாவதாகக்கூடக் கேட்டதில்லை. “அதைக் கேக்கத்தான் ஒரு கோர்ட்டே இருக்குது எஸ்தர். இந்த மூணையும் நாமதான் கேக்கணும்” என்பார்.

முதல் கேள்வியின் அருமை எனக்கு விளங்கியது ஒரு கல்யாண வீடியோவால். பைக் திருடியதாக ஒரு வாலிபனைப் பிடித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் கைது செய்ததாக ரிமாண்ட் அறிக்கை சொன்னது. கைது செய்தவரை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்தக் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவனுடைய அம்மா, “ஞாயித்துக்கிழமையே கல்யாண மண்டபத்துல இருந்து இட்டுக்கினு போயிட்டாங்கம்மா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. போலீஸுக்கு எதிராக யார் வருவார்கள்?

“கல்யாணம்னா வீடியோ இருக்குமே” என்றார் சார்.

மாப்பிள்ளை வீட்டில் கேட்டு வாங்கி வந்தேன். ஐந்து மணி நேரம் ஓடும் வீடியோ. நானும் சாரும் அலுவலகத்தில் உட்கார்ந்து தாலி கட்டுவதையும், அத்தைமார்கள் மொய் வைப்பதையும், மணமகளின் தம்பி மூன்று தடவை சட்டை மாற்றுவதையும் பார்த்தோம். நாலாவது மணி நேரத்தில் பந்தி வந்தது. இலை முன்னால் அந்த வாலிபன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து இலையில், மஃப்டியில், ரிமாண்ட் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே ஏட்டு பாயசத்துக்கு மறுபடி இலையை நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். இருவரும் எழுந்து கை கழுவினார்கள். ஏட்டு அவன் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். பின்னணியில் நாதஸ்வரம்.

சார் அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். கடைசித் தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ரெண்டு தடவை பாயசம் வாங்கியிருக்கார்” என்றார். கோர்ட்டில் அந்த ஏட்டிடம் அவர் கேட்டதும் அதைத்தான்: “ஐயா, கொஞ்சம் தயவு செஞ்சு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பாயசம் எப்படி இருந்துச்சு?” வாலிபனுக்கு அன்றே ஜாமீன் கிடைத்தது.

இப்படிப் பல. ஆனால் அந்த ஜூனியர் பெண்ணிடம் நான் முக்கியமாகச் சொன்னது ரஃபிக்குல் வழக்கை.

ரஃபிக்குல் மேற்கு வங்காளத்தில் மால்டா பக்கத்திலிருந்து டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்தவர். முப்பது வயது இருக்கும். செவிலிமேட்டில் நாகம்மா அக்கா கட்டிய புது வீட்டில் சமையலறைக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுக்காரர்களைத் தேடுகிறோம் என்று வந்த போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. பங்களாதேஷிலிருந்து எல்லை தாண்டி வந்தவர் என்று வழக்கு. கையில் இருந்த ஆதார் அட்டையைப் போலி என்று எழுதிவிட்டார்கள். போனையும் எடுத்துக்கொண்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதப் போவதில்லை. இலவச சட்ட உதவியில் வழக்கு சாரிடம் வந்தது.

சார் வழக்கம்போல மூன்று கேள்விகளைக் கேட்டார். பிடித்த நேரம் சரி. வீட்டில் யாருக்குச் சொன்னார்கள் என்ற இடத்தில் ‘உறவினர் இல்லை’ என்று இருந்தது. அப்புறம் வாக்குமூலம். அதை நான்தான் உரக்கப் படித்தேன். ‘நான் மேற்படி நாட்டைச் சேர்ந்தவன் என்பதையும், உரிய ஆவணங்கள் ஏதுமின்றி இந்திய எல்லைக்குள் பிரவேசித்தேன் என்பதையும் எவ்விதத் தூண்டுதலுமின்றித் தெளிந்த மனதுடன் ஒப்புக்கொள்கிறேன்.’

“நல்ல தமிழ்” என்றார் சார். “நமக்கே இப்படி வராது. வந்து எத்தனை மாசம் ஆவுது அவருக்கு?”

“நாலு மாசமாம் சார்.”

“போலீஸ்ல கொடுத்த வாக்குமூலம் சாட்சியமா நிக்காது. ஆனா அதைக் காட்டித்தான் உள்ள வச்சிருக்காங்க. நாளைக்கு ஜாமீன்ல வெளிய வந்தாலும் வெளிநாட்டுக்காரங்களை அடைக்கிற முகாமுக்குக் கொண்டு போவாங்க. அங்கேருந்து ராத்திரியோட ராத்திரியா எல்லைக்கு ஏத்திட்டா, அப்புறம் நாம யாரைத் தேடறது? அவர்கிட்ட பேசணும். பெங்காலி தெரிஞ்ச ஆளைப் புடி.”

காஞ்சிபுரத்தில் பெங்காலி தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? நான் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுப் பட்டுக் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே முனிரத்தினம் என்று ஒரு சேல்ஸ்மேன். எந்த ஊர்க்காரர்கள் வந்தாலும் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசிப் புடவையை விரித்துவிடுவார். பெங்காலியும் தெரியும் என்று அவரே அடித்துச் சொன்னார். சார் கோர்ட்டில் அனுமதி வாங்க, மூன்று பேரும் ஜெயிலுக்குப் போனோம்.

ரஃபிக்குல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி.

“உங்களை எப்போ புடிச்சாங்கன்னு கேளுப்பா” என்றார் சார்.

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். “சார், கடையில ‘புடிச்சிருக்கா’ன்னுதான் கேப்போம். ‘புடிச்சாங்களா’ன்னு கேட்டதே கிடையாது.”

“தெரிஞ்சதை வச்சுக் கேளு.”

அவர் ஏதோ கேட்டார். ரஃபிக்குல் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் குழம்பினார். அப்புறம், அத்தனை நாளில் முதல் தடவையாக இருக்க வேண்டும், பல் தெரியச் சிரித்தார். பிறகு விசாரித்தபோது தெரிந்தது, முனிரத்தினம் கேட்டது “போலீஸுக்கு உங்களை எப்போது பிடித்துப்போனது?” என்று. பக்கத்தில் நின்ற வார்டர் காரணம் புரியாமலே சிரித்தார். நானும் சிரித்தேன். சார் மட்டும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு ரஃபிக்குல் பேச ஆரம்பித்தார். முனிரத்தினம் கைஜாடை, கல்யாணம், அளவு, நிறம் என்று தெரிந்ததையெல்லாம் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். ஊர் எது, பள்ளிக்கூடம் எது, அப்பா பெயர் என்ன, மனைவி பெயர் என்ன, எல்லாம் கிடைத்தது. தமிழில் என்னென்ன தெரியும் என்று சார் கேட்கச் சொன்னார். ரஃபிக்குல் விரல் விட்டு எண்ணினார். தண்ணி. சிமென்ட்டு. மேஸ்திரி. சோறு. அப்புறம் ஐந்தாவது விரலைப் பிடித்துக்கொண்டு, “சரிண்ணா” என்றார்.

அதோடு ஏதோ சொல்லிக்கொண்டே போனார். முனிரத்தினம் இந்தத் தடவை உடனே மொழிபெயர்க்கவில்லை. மறுபடி ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: “அந்த வார்த்தை சொன்னா யாரும் அடிக்க மாட்டாங்களாம் சார். யார் கத்துனாலும் அதைச் சொல்லிடுவாராம்.”

நான் வக்காலத்துத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டியவள், பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். சார்தான் மெதுவாக, “எஸ்தர், கையெழுத்து” என்றார்.

அடுத்த பத்து நாளும் எனக்குக் கால் தரையில் படவில்லை. முனிரத்தினத்தின் கடையில் மொத்தமாகப் புடவை எடுக்கும் வியாபாரி ஒருவர் மால்டாவில் இருந்தார். முனிரத்தினம் அவருக்குப் போன் போட, அவர் தன் ஆளை மோட்டார் சைக்கிளில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டு நின்ற படம் என் வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பா பெயரோடு ரஃபிக்குல் பெயர். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றதும் அதில் இருந்தது. கூடவே அப்பாவின் பெயர் இருந்த பழைய வாக்காளர் பட்டியல். முனிரத்தினம் அந்தப் படத்தைக் கடையில் எல்லோருக்கும் காட்டினாராம். “பெயிலானதுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்லக்கா” என்றார்.

ஜாமீனுக்கு இரண்டு உள்ளூர் ஆட்கள் வேண்டும். எல்லை தாண்டி வந்தவன் என்று பெயர் வாங்கிய ஆளுக்கு யார் வருவார்கள் என்று பயந்துகொண்டுதான் நாகம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பம் அவர்களுடையது. நான் விஷயத்தை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை.

“புது வீட்டு சமையக்கட்டுல ஒரு பக்கம் தரை மேல இருக்குது, ஒரு பக்கம் கீழ இருக்குது. மூணு வாரமா தடுக்கி தடுக்கி விழுந்துக்கினு இருக்கேன். வேற ஆளை வச்சு முடிச்சிக்கலாம்னு என் மருமகனே சொல்றான். அவன் கைசுத்தம் எவனுக்கு வரும்? எங்க கையெழுத்துப் போடணும் சொல்லு.”

“போலீஸ் வந்து கேட்டா பயப்படாம இருப்பீங்களாக்கா?”

“வரட்டும். சமையக்கட்டுக்குள்ள வுட்டு நடக்கச் சொல்றேன்.”

இரண்டாவது ஆளாக அந்த மருமகனையே இழுத்துக்கொண்டு வந்தார்.

ஜாமீன் மனு விசாரணைக்கு ரஃபிக்குலை நேரில் கொண்டு வரச் சார் கேட்டிருந்தார். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. கறாரானவர். அதிகம் பேசமாட்டார். அரசு வக்கீல் எழுந்து, குற்றம் சாட்டப்பட்டவரே தமிழில் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அந்த வாக்குமூலத்தைக் காட்டினார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்றார்.

சார் எழுந்தார். “கனம் கோர்ட்டார் அனுமதிச்சா, என் கட்சிக்காரர்கிட்ட தமிழ்ல மூணு கேள்வி கேட்டுக்கறேன்.”

அனுமதி கிடைத்தது. சார் ரஃபிக்குல் பக்கம் திரும்பி, கொஞ்சம் அதட்டலாக, என் வாழ்நாளில் நான் கேட்டிராத குரலில் கேட்டார்.

“நீங்க பங்களாதேஷா?”

“சரிண்ணா.”

அரசு வக்கீல் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“நீங்க காஞ்சிபுரத்துலயே பொறந்து வளந்தவரா?”

“சரிண்ணா.”

“இந்தக் கோர்ட்டுக்கு நீங்கதான் ஜட்ஜா?”

ரஃபிக்குல் கைகளைக் கட்டிக்கொண்டு, பணிவாகத் தலையை ஆட்டி, “சரிண்ணா” என்றார்.

முதலில் சிரித்தது வாசலில் பெயர் கூப்பிடும் டவாலிதான். அவரே வாயில் துணியை வைத்துக்கொண்டு “சைலன்ஸ்” என்றார். அப்புறம் பின் வரிசை, அப்புறம் வக்கீல்கள். மாஜிஸ்திரேட் அம்மா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கோப்புக்குள் முகத்தைப் புதைத்தார். தோள்கள் குலுங்கின. என்ன நடக்கிறதென்று தெரியாத ரஃபிக்குல் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்வையைச் சந்தித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மாஜிஸ்திரேட்டும் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சார் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். “ஐயா, கொஞ்சம் தயவு செஞ்சு. கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியற பாஷையில எழுத்துல கொடுக்கணும்னு இருக்குது. தாங்கள் எந்த பாஷையில கொடுத்தீங்க?”

இன்ஸ்பெக்டர் அரசு வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

“‘பிரவேசித்தேன்’னு அவர் சொல்லும்போது தாங்கள் பக்கத்துல இருந்தீங்களா ஐயா?”

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தார்.

மாஜிஸ்திரேட் அம்மா பதிவேட்டுப் படத்தையும் வாக்காளர் பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். ஜாமீன் கொடுத்தார். அதோடு, தாலுகாவை விட்டு வெளியே எந்த முகாமுக்கும் கோர்ட் அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது என்றும், சொந்த ஊரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இந்தியக் குடிமகன்தான் என்று அங்கிருந்து அறிக்கை வர ஐந்து மாதம் ஆயிற்று. வழக்கு மூடப்பட்டது. அந்த ஐந்து மாதத்தில் ரஃபிக்குல் நாகம்மா அக்கா வீட்டில் மாடித் தரையையும் முடித்துவிட்டார். அந்த வாக்குமூலத்தை எழுதியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது, ஜாமீன் கிடைத்த அன்றே விடுதலை உத்தரவு கைக்கு வந்த அந்த மாலையைத்தான்.

ரஃபிக்குலை மதியமே ஜெயிலுக்குத் திருப்பிக் கொண்டு போய்விட்டார்கள். ஜாமீன்தாரர் கையெழுத்தெல்லாம் முடிந்து சீல் விழும்போது மணி நாலேகால். ஆறு மணிக்கு ஜெயிலில் எண்ணிப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் தாள் போய்ச் சேராவிட்டால் இன்னொரு நாள் உள்ளே. ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அன்று பார்த்து முகூர்த்த சீசன். காந்தி ரோடு முழுக்கப் பட்டுக்கு வந்த கார்கள். நானும் நாகம்மா அக்காவும் முனிரத்தினமும் ஏறிய ஆட்டோ கால் மணி நேரமாக நின்ற இடத்திலேயே நின்றது.

திடீரென்று முனிரத்தினம் இறங்கி எதிரே நின்ற ஒரு வேனின் கதவைத் தட்டினார். காலையில் அவரிடம் புடவை எடுத்த கல்யாணக் கும்பல். ஜெயில் இருக்கும் ஊர்தான் அவர்களுக்கும். சந்து வழியாகப் போக டிரைவருக்கு வழி தெரிந்திருந்தது. எங்களை ஏற்றிக்கொண்டார்கள். பைகளுக்கு இடமில்லாமல் பெண்கள் புடவைகளை மடியில் வைத்திருந்தார்கள். நடுவில் நான், விடுதலை உத்தரவை நெஞ்சோடு பிடித்தபடி.

“அது இன்னாம்மா, ஜாதகமா?” என்று மணப்பெண்ணின் அம்மா கேட்டார்.

நாகம்மா அக்கா ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கோர்ட் காட்சியை நடித்தே காட்டினார். வேன் முழுக்கச் சிரிப்பு. செய்யாறு தாண்டியதும் சிரிப்பு அடங்கி அத்தனை பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணப்பெண்ணே முன் சீட்டைத் தட்டி, “அண்ணே, கொஞ்சம் அழுத்துங்கண்ணே” என்றாள்.

ஐந்து நாற்பதுக்கு ஜெயில் வாசலில் இறங்கினோம். உள்ளே இருந்த அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, “எங்க ரெக்கார்டுல ரபிகூல்னு இருக்குது. இதுல ரஃபிக்குல். வேற ஆளா இருந்தா?” என்றார். முப்பது வருடத்தில் இந்த ஒரு எழுத்தால் எத்தனை பேர் இன்னொரு ராத்திரி உள்ளே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மனு போட்ட நாளிலிருந்தே எல்லாத் தாளிலும் ‘ரஃபிக்குல் என்கிற ரபிகுல் என்கிற ரபிகூல்’ என்று எழுதி வந்தேன். உத்தரவிலும் அப்படியே எழுத வைத்தேன். விரலால் அந்த வரியைக் காட்டினேன். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். சிரித்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் சின்னக் கதவு திறந்தது. ரஃபிக்குல் கையில் ஒரு துணிப்பையோடு குனிந்து வெளியே வந்தார். வேனிலிருந்த பெண்கள் போகாமல் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார். பையை நாகம்மா அக்கா கையில் கொடுத்தார். அப்புறம் ஓட ஆரம்பித்தார்.

வாசல் காவலர் பதறி இரண்டு எட்டு வைத்தார். “வுடுங்க சார், பேப்பர் இருக்குது” என்றேன். ரோட்டின் கோடியில் இருந்த புளியமரம் வரைக்கும் ஓடினார். மரத்தைத் தொட்டார். திரும்பி ஓடி வந்தார். எங்களைத் தாண்டி இந்தப் பக்கமும் ஓடினார். மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே, கைகளை விரித்துக்கொண்டு. மணப்பெண் கை தட்டினாள். முனிரத்தினம் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

எனக்கு அன்று ஐம்பத்தெட்டு வயது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.